பெரியப்பாவின் புறங்கையும் என் இடது மூக்கும்

சின்னவள் போனில் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்த நாள் முதல் ஒரு பக்கம் மூச்சு சரியாக வருவதில்லை, போட்டோவிலும் மூக்கு கோணலாகத் தெரிகிறது, டாக்டர் இரண்டையும் ஒரே தடவையில் சரிசெய்யலாம் என்கிறார், அப்பாவுக்குத்தான் இதில் அனுபவம் உண்டே, கேட்டுச் சொல்லுங்கள் என்று. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. நான் எட்டாவதோடு நின்றவன், எழுதினாலும் கோர்வையாக வராது. இருந்தாலும் உங்கள் மூன்று பேருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மூக்கு எல்லாருக்கும் இருக்கிறதே.

என் மூக்கைக் கோணலாக்கியது ஒரு காளை. நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுத் தொட்டியில் அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, அது குடிக்கிறதைக் குனிந்து பார்த்தேன். அதே நேரத்தில் அது நிமிர்ந்தது. இதில் யார் பேரிலும் குற்றமில்லை. மூக்குத்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. உள்ளே இரண்டு துவாரத்துக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கிறதல்லவா, அது வளைந்து இடது துவாரத்தை அடைத்துக்கொண்டது. காளையின் கொம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்து வீட்டில் எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள்.

அப்படியே விட்டிருந்தால் ஊரில் நாலு கோணல் மூக்கில் நானும் ஒருவன் என்று போயிருக்கும். ஆனால் எங்கள் பெரியப்பா சரம் பார்க்கிறவர். சரம் என்றால் மூச்சு எந்தத் துவாரத்தில் ஓடுகிறது என்று பார்த்துக் காரியத்துக்குக் கிளம்புவது. புறங்கையை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பார். வலதில் ஓடினால் கிளம்பலாம், காரியம் ஜெயம். இடதில் ஓடினால் தாமதமாகும். இரண்டிலும் ஒன்றாக ஓடினால் வாசப்படி தாண்டவே கூடாது. வேறு ஊர்களில் வேறு கணக்கு இருக்கலாம், எங்கள் ஊரில் பெரியப்பா கணக்குத்தான். மனிதர்களுக்குச் சரம் மாறி மாறி ஓடும், அதனால் சில நாள் வண்டியைப் பூட்டி வைத்துக்கொண்டு மத்தியானம் வரை மூக்கு மாறுவதற்காக உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நாள் பெரியப்பா ஏதோ யோசனையில் என் மூக்குக்குக் கீழே கையை வைத்தார். வலது. சாயங்காலம் வைத்தார். வலது. மறுநாள், அதற்கு மறுநாள், எப்போது வைத்தாலும் வலது. இடது அடைத்துக் கிடக்கிறது, அதில் எப்படி ஓடும் என்று நான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. "சாமி குடுத்ததுடா இது," என்றார். காளையை மறந்துவிட்டார்.

அதற்கப்புறம் என் மூக்கு எனக்குச் சொந்தமாக இல்லை. மைக்செட்டு வாடகைக்குப் போவது போல ஊருக்குள் போய்வந்துகொண்டிருந்தேன். யாராவது மாடு பிடிக்கச் சந்தைக்குப் போனால் அவர்களுக்கு முன்னால் நான் தெருமுனை வரை நடக்க வேண்டும். பக்கத்தில் சித்தூர் கோர்ட்டில் கேஸ் என்றால் பஸ்ஸில் முதல் காலை நான் வைத்துவிட்டு இறங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தடவை இறங்குவதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள், எனக்குச் சம்பந்தமில்லாத வரப்புத் தகராறில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தேன். விதைப்புக் காலத்தில் எல்லார் வயலிலும் முதல் கைப்பிடி நான்தான். எங்கள் வயலுக்கு வந்து சேரும்போது ஈரம் காய்ந்திருக்கும். மாநில எல்லைச் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒளித்து அரிசி கொண்டுவருகிறவர்கள்கூடக் கேட்டார்கள். பெரியப்பா சம்மதிக்கவில்லை. சட்டத்துக்குப் பயந்து அல்ல. அத்தனை நடைக்கு அனுப்பினால் சரம் தேய்ந்துவிடுமாம்.

இதெல்லாம் ஊருக்கு நன்றாக இருந்தது. எனக்கு மூச்சு வரவில்லை. அதை மட்டும் யாரும் கேட்கவில்லை. வாயால் மூச்சு விட்டு விட்டுக் காலையில் தொண்டை வறட்டியாட்டம் இருக்கும். சோறு மென்றால் மூச்சு நிற்கும், மூச்சு விட்டால் மெல்ல முடியாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து சாப்பிட்டு எழுவதற்குள் பந்தியே முடிந்துவிடும். வாசனை என்று மற்றவர்கள் சொல்வது என்ன என்று எனக்குப் பாதிதான் தெரியும்.

எனக்குப் பெண் பேசியதும் மூக்கை வைத்துத்தான். உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது உங்கள் அப்புச்சி, மாட்டு வியாபாரி. வாரத்தில் பாதி நாள் எங்காவது கிளம்பிக்கொண்டே இருக்கிறவர். எப்போதும் வலதில் ஓடுகிற ஒரு மாப்பிள்ளை வீட்டோடு சொந்தமானால் எவ்வளவு சௌகரியம் என்று அவர் நினைத்தார். என் முகத்தை அவர் நேராகப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. புறங்கையை வைத்தார், தலையை ஆட்டினார், தையில் கல்யாணம் என்று முடிவாகிவிட்டது.

அந்த ஐப்பசியில் எனக்குச் சளி பிடித்தது. இருந்த ஒரு துவாரமும் அடைத்துக்கொண்டது. ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தவன் மூச்சு முட்டிக் கண் பிதுங்கி இலை மேலேயே சாய்ந்துவிட்டேன். பெரியப்பா ஓடிவந்தார். முதுகில் தட்டினாரா? இல்லை. புறங்கையை வைத்தார். "ரெண்டும் நின்னு போச்சு," என்று சபைக்கு அறிவித்தார். பந்தி பரிமாறியவர்தான் முதுகில் குத்தி அந்தச் சோற்றை வெளியே கொண்டுவந்தார்.

மறுநாளே ஆபரேஷன் என்று முடிவு செய்துவிட்டேன். கல்யாணத்துக்கு வாயைத் திறந்துகொண்டு உட்காரவும் மனசில்லை. கோயமுத்தூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரைச் சொன்னார்கள். பெரியப்பாவும் கூடவே வந்தார், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கிறவர் இல்லை.

டாக்டர் ஒரு கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார். சின்னவளே, இந்த இடத்தை நன்றாகப் படி. அவர் முதலில் கேட்டது இதுதான்: "உனக்கு மூச்சு வேணுமா, அழகு வேணுமா?"

"மூச்சுங்க," என்றேன். "அழகு மிச்சமிருந்தா குடுங்க."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே இருக்கிற சுவரை நேராக்குவது ஒரு வேலை, வெளியே தெரிகிற எலும்பை நகர்த்துவது வேறு வேலை என்று நிதானமாக விளக்கினார். உள்ளே சரியானால் வெளியே தன்னால் நேராகிவிடும் என்று நினைக்கக் கூடாது. வெளியே அழகாக்குகிறேன் என்று அளவுக்கு மீறி இறுக்கினால் உள்ளே மூச்சுக்குக் கேடு. நேராக்கின சுவர் கொஞ்சம் பழைய பக்கம் திரும்பிப் போவதும் உண்டு. இப்படித்தான் வரும் என்று படம் வரைந்து காட்டுகிறவனை நம்பாதே, சதை படம் பார்த்து ஆறுவதில்லை என்றார். உனக்கு இப்போது கம்ப்யூட்டரில் காட்டுவார்கள். பார்த்துக்கொள், தப்பில்லை, ஆனால் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி பக்கத்தில் ஒட்டி வைக்காதே.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"ஏனுங்க டாக்டரு, வெளிய நீங்க எப்படி வேணா பண்ணிக்குங்க. உள்ள மட்டும் கை வெக்காதீங்க. அந்த அடைப்பு அப்படியே இருக்கோணும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு பெரியப்பா சரக் கணக்கு முழுவதையும் சொன்னார், வரப்புக் கேஸ் ஜெயித்தது வரைக்கும். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எல்லார் மூக்கிலும் சில மணி நேரத்துக்கு ஒரு பக்கம் மாறி மாறித்தான் மூச்சு அதிகம் ஓடும், அது உடம்பின் சுபாவம் என்றார். பெரியப்பாவுக்கு ஒரே சந்தோஷம். டாக்டரும் சரத்தை ஒத்துக்கொண்டார் என்று வாசலில் உட்கார்ந்திருந்த நோயாளிகளிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"சரிங்க பெரியவரே," என்றார் டாக்டர். "இந்த மூக்குல மூச்சு விடப்போறது யாரு?"

"அவன்தான்."

"அப்ப அவனக் கேட்டே பண்றேன்."

எனக்கு யாரும் அப்படிப் பரிந்து பேசினதில்லை. பீடியை விடச் சொன்னார். அன்றைக்கே விட்டேன்.

இப்போது மயக்கம் கொடுத்துச் செய்கிறார்கள். அன்று எனக்கு மரத்துப்போகிற மருந்தில் நனைத்த பஞ்சை உள்ளே வைத்து, ஊசியும் போட்டு, விழித்திருக்கும்போதே செய்தார்கள். வலி தெரியவில்லை. சத்தம் தெரிந்தது. சின்ன உளி, சின்ன சுத்தியல். டொக், டொக் என்று தலைக்குள்ளே யாரோ கட்டில் செய்கிற மாதிரி. நடுவில் டாக்டர் இந்த வருஷம் உங்க பக்கம் நெல்லு எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன், திறக்காதே என்றார். உள்வேலை முடிந்த பிறகு வெளி எலும்பையும் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு இரண்டு துவாரத்திலும் துணிநாடாவை அடைத்து மேலே மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள்.

அந்த நாடா உள்ளே இருக்கும் நேரம்தான் கஷ்டம். முழுக்க முழுக்க வாய்மூச்சு. எனக்கு அது பழக்கம்தான், உனக்குப் பயமாக இருக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள். அதை உருவும்போது மடையிலிருந்து சாரைப்பாம்பு வருகிற மாதிரி வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு நீளம் என் தலையில் எங்கே இருந்தது என்று இன்றும் புரியவில்லை. மூக்கைச் சிந்தாதே, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மு, வீக்கம் வடிய மாதக்கணக்கில் ஆகும், அதுவரை கண்ணாடி பார்த்து அழாதே என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து திண்டில் சாய்ந்து உட்கார்ந்தேன். ஊரே துக்கம் கேட்க வருவது போல வந்து பார்த்தது. சிலர் மூக்கைப் பார்த்து, "எப்படி இருந்த மூக்கு," என்றார்கள். பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து புறங்கையை வைத்தார். புதிதாகத் திறந்த இடதில் குளுகுளுவென்று காற்று ஓடிக்கொண்டிருந்தது. வலது பக்கம் வீங்கி அடைத்திருந்தது. அவர் கையை எடுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்று சாப்பிடவில்லை என்று சொன்னார்கள்.

வாரங்கள் போக வீக்கம் வடிந்தது. வலதும் திறந்தது. இப்போது பெரியப்பா கைக்கு இரண்டிலும் ஓடியது. அவர் கணக்கில் அது எல்லாவற்றையும்விட மோசம். சந்தைக்குக் கிளம்புகிறவர்கள் நான் தெருவில் நின்றால் உள்ளே திரும்பிப் போய்விடுவார்கள். நானோ மூச்சு விட்டுக்கொண்டே சோறு மென்று சாப்பிட்டேன். இந்த ஒரு சுகத்துக்கு எதையும் கொடுக்கலாம் என்று தோன்றியது. ஆனால் தை மாதம் வந்துவிட்டது. ஆபரேஷன் விஷயம் அப்புச்சி ஊர் வரைக்கும் போகாமல் பெரியப்பா மூடி வைத்திருந்தார். கையை வைத்துப் பார்க்காமல் அப்புச்சி பெண்ணைக் கொடுக்க மாட்டார்.

கல்யாணத்தன்று காலையில் பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். இடது மூக்கை அடைத்துவிடலாம். உளி வைத்துத் திறந்ததை அடைப்பதா என்றேன். முகூர்த்தம் வரைக்கும்தானே என்றார். பஞ்சு கொண்டுவந்தார்கள். என் அம்மா அதைப் பார்த்ததும், மணக்கோலத்தில் இருக்கிற பிள்ளைக்கு மூக்கில் பஞ்சா, பாடையிலா ஏற்றப்போகிறீர்கள் என்று தட்டிவிட்டார். பிறகு எதை வைப்பது என்று ஒரு சபையே கூடியது. பூண்டு என்றார் ஒருவர், நாறும் என்று தள்ளுபடி. வெற்றிலை நிற்காது. கடைசியில் ஒரு மல்லிகை மொட்டு. அளவாகப் பொருந்தியது. மங்கலமும்கூட.

அப்புச்சி வந்து புறங்கையை வைத்தார். வலது. மலர்ந்துபோய்க் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிப்போனார்.

உங்கள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதுவரை நாங்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை. தலை குனிந்தபடியே மெதுவாகக் கேட்டாள்:

"மூக்குல என்னங்க வெச்சிருக்கறீங்க?"

"மல்லிகை மொட்டு."

"அது தலைல வெக்கறதுங்க," என்றாள்.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "எடுத்துப் போடுங்க. அப்பாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன்," என்றாள். எடுக்கலாம் என்று பார்த்தால் மொட்டு உள்ளே ஏறிவிட்டது. சிந்தினால் வரும், எல்லார் முன்னாலும் எப்படிச் சிந்துவது? அது அங்கே சூட்டில் விரிய ஆரம்பித்ததோ என்னவோ, குறுகுறுவென்று தும்மல் கிளம்பியது. முகூர்த்தத்தில் மாப்பிள்ளை ஒற்றைத் தும்மல் போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் டாக்டர் சொன்னபடி வாயை அகலமாகத் திறந்தேன்.

பெரியப்பா பார்த்துவிட்டார். நேரம் ஆகவில்லை, தாலித்தட்டு இன்னும் சபையைச் சுற்றி முடியவில்லை. "கெட்டிமேளம்," என்று கத்தினார். மேளக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு அடித்தார். அபசகுனச் சத்தத்தை மறைப்பதற்குத்தானே அந்த மேளமே. யாரோ தட்டைப் பிடுங்கித் தாலியை என் கையில் திணித்தார்கள், நான் கட்டிக்கொண்டே தும்மினேன். எல்லாப் பக்கமிருந்தும் பூவும் அரிசியும் வந்து விழுந்தன. அதில் ஒரு மொட்டு எதிர்ப்பக்கம் போனதை யார் கண்டார்கள். உங்கள் அம்மா மட்டும் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று பெண்கள் சமாதானம் சொன்னார்கள்.

மூக்கு திறந்ததும் எல்லா வாசனையும் ஒன்றாக வந்தது. நெய், சந்தனம், பெட்டியில் வைத்த என் வேட்டியின் பாச்சா உருண்டை, அப்புச்சியின் மூக்குப்பொடி.

சாப்பாடு முடிந்து எங்கள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். பெண்ணை அனுப்புகிற நேரமல்லவா, அப்புச்சி மறுபடி கையை வைத்தார். முகம் மாறியது. "ரெண்டுலயும் ஓடுது. இப்பக் கிளம்பப்படாது. உக்காருங்க மாப்ள." உட்கார்ந்தேன். காப்பி வந்தது. கொஞ்சம் பொறுத்து வைத்துப் பார்த்தார், இரண்டிலும்தான். மறுபடி பலகாரம் வந்தது. வெளியே பஸ் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். பெரியப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மாறாத மூக்கு என்று பேர் வாங்கினவன் நான், இதுவும் மாறாது என்று அவருக்குத் தெரியும்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உங்கள் அம்மா எழுந்து வந்தாள். எல்லாரும் பார்க்க, வளையலைத் தள்ளிவிட்டுக்கொண்டு, தன் புறங்கையை என் மூக்குக்குக் கீழே வைத்தாள். நன்றாக நேரம் எடுத்துக்கொண்டாள்.

"வலதுதானுங்கப்பா ஓடுது."

"ரெண்டுலயும் ஓடுச்சே கண்ணு."

"உங்குளுது மாட்டுக் கவுறு புடிச்ச கைங்கப்பா. அதுக்கு எங்கீங்க தெரியப்போவுது."

அப்புச்சி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் பஸ் ஏறினோம்.

என் மூக்கு இன்றும் முழு நேரில்லை. போட்டோவில் கொஞ்சம் இடது பக்கம் பார்க்கும், டாக்டர் சொன்ன மாதிரியே. மூச்சு இரண்டிலும் வருகிறது. அன்றிலிருந்து நம் வீட்டில் சரம் பார்ப்பது உங்கள் அம்மாதான். உங்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும், பெரியவனுக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அவள்தான் பார்த்தாள். எப்போது பார்த்தாலும், யார் மூக்கில் பார்த்தாலும் வலதுதான்.

சின்னவளே, டாக்டர் உன்னிடம் மூச்சா அழகா என்று கேட்காவிட்டால் நீயே சொல்லிவிடு. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மூக்கைக் காட்டிவிட்டுப் போ.