அடி விழும்போது கேட்ட கேள்வி

முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டுத் தறியில் அம்மா ரீல்ஸ் பார்த்தபடியே நெய்வாள். கால் மிதிக்கும், கை ஊடைநூல் ஓட்டும் நாடாக் கட்டையை வீசும், கண் மட்டும் போனில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அந்தத் திமிர் எனக்கு இன்றும் உண்டு. "இதுவும் போதைதான்மா" என்பேன்.

"நீ மட்டும் இன்னாடி? நாள் பூரா அதுங்கூடத்தான பேசிகினு கீற?"

நான் பேசியது சாட்பாட்டோடு. லீவு லெட்டர், மேனேஜருக்குப் பதில், அப்பாவை இழந்த தோழிக்கு ஆறுதல், எல்லாம் அது எழுதித் தந்ததுதான். ரீல்ஸ் இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது போகாது. எனக்கோ சொந்த வாயில் ஒரு சொல் வராது. அவள் பழக்கம் வெளியே தெரிந்தது. என்னுடையது படிப்புபோல இருந்ததால் யாரும் அதட்டவில்லை.

போன ஆவணியில் ஒரு கல்யாணப் புடவை. முந்தானையில் மயில் விழவேண்டிய இடத்தில் டிசைன் அட்டை சிக்கி நின்றதை அம்மா கவனிக்கவில்லை. மயிலின் கழுத்து நீண்டுகொண்டே போய்விட்டது. வேலை கொடுத்த முதலாளி அதைத் தெருவில் விரித்துக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

"மயிலு கேட்டா கொக்கு நெய்வியாடி?" என்று அப்பா கத்தினார்.

"கொக்கும் பறவதான? அதுக்கும் என்னாட்டம் கால் கடுக்கும்."

அப்பா அவள் போனைத் தரையில் அடித்து உடைத்தார். பிறகு இரும்பு முனை வைத்த நாடாக் கட்டையை எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவது புருவத்தில். தறியில் பூட்டியிருந்த வெள்ளைப் பாவு நூலில் ரத்தம் தெறித்தது.

நான் வாசற்படியில் நின்று போனில் சாட்பாட்டுக்குத் தட்டினேன்: அப்பா அம்மாவை அடிக்கிறார், என்ன செய்வது? ஒரு எழுத்துப்பிழை. அதைத் திருத்தினேன். பதில் வந்தது. படித்தேன்.

"அதுல இன்னாடி படிக்கிற? வந்து கையப் புடி!" என்று அம்மா அலறினாள்.

பாய்ந்து அப்பாவின் மணிக்கட்டைக் கடித்தேன். அவர் உதறியதில் சுவரில் மோதி என் பல் உடைந்தது. நாடா கீழே விழுந்தது.

ஆரணி ஆஸ்பத்திரியில் தையல் போட்டபடியே டாக்டர் கேட்டார், எப்படி ஆனது என்று.

"தறிக்குழில வழுக்கி வுழுந்துட்டேங்க" என்றாள் அம்மா.

என் கை பையில் போனைத் தேடியது. சொல்லலாமா, எப்படிச் சொல்வது? போன் வீட்டிலேயே கிடந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வுழலிங்க. எங்கப்பா அடிச்சாரு."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நகம் பதிந்தது. நான் மறுபடியும் சொன்னேன்.