ஆரஞ்சு விளக்கு எரிந்த ஏழு மாதம்

நஸ்ருதீனுக்கு மோப்பம் ஜாஸ்தி என்று பெருமாநல்லூர் லோடுமேன்கள் கேலி செய்வார்கள். பக்கத்துக் கம்பெனியில் அயர்ன் பெட்டிக்கடியில் ஒரு பனியன் கருகினால், இங்கே பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நஸ்ருதீன்தான் முதலில் கீழே குதிப்பார். கேலி செய்கிறவர்களுக்கென்ன, செய்துவிட்டுப் போவார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பனியன் வேஸ்ட் குடோன் ஒன்று எரிந்தபோது, ஷட்டருக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தவர் அவர். இடது முழங்கைத் தோல் இன்னும் சுருங்கிக் கிடக்கிறது. அன்றைய நெருப்பு அன்று பிடித்ததில்லை. முந்தின நாள் விழுந்த பொறி, வேஸ்ட்டுக்குள்ளேயே ஒரு ராத்திரி முழுக்கப் புகைந்து கிடந்திருக்கிறது.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் முதலாளி மகுடேஸ்வரன் புது டீசல் பிக்கப்பைக் கொடுத்தார். வேலை பழைய வேலைதான். நிட்டிங்கில் துணி ரோலை ஏற்றி டையிங்கில் இறக்க வேண்டும். சாயம் போட்டதை எடுத்துத் தையல் யூனிட்டில் சேர்க்க வேண்டும். எல்லாம் இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர். ஒரு நாளைக்கு இருபது தடவை ஸ்டார்ட் செய்து இருபது தடவை அணைப்பார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், மீட்டரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அடியிலிருந்து கருகல் வாடை வந்தது. பின்னால் முழுக்கத் துணி. நடுரோட்டில் பற்றிக்கொண்டால் தண்ணீருக்கு எங்கே போவது? வீடு பக்கம்தான், வாசலில் தண்ணீர் டிரம் இருக்கிறது. விரட்டிக்கொண்டு போய் வீட்டுச் சுவரோரம் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வாளியோடு அரைமணி நேரம் காவல் நின்றார். ஒன்றும் ஆகவில்லை. அதிலிருந்து வாரத்தில் ஒன்றிரண்டு தடவை அதுவே வழக்கமாகிவிட்டது. தன் கெட்டிக்காரத்தனத்தில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு. முதலாளியிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை காலையில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. லோடை இறக்கிவிட்டு, உருட்டாத குறையாக சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனார். அங்கே மெக்கானிக் அபிராமி ஒரு வயரை மாட்டிக் கம்ப்யூட்டரில் பார்த்தாள். பார்த்தவள் அவரைத் திரும்பி ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, நாப்பத்தொம்போது தடவை பாதியில ஆஃப் பண்ணியிருக்கீங்க?"

"கருகற வாடை வந்துச்சுங்க. அணைச்சுப்போட்டேன்."

"அது வர்றதுதானுங்க. சைலன்சர்ல ஒரு ஃபில்டர் இருக்குது. பொகையில வர்ற கரியையெல்லாம் புடிச்சு வெச்சுக்கும். நெறைஞ்சுதுன்னா வண்டியே சூடு ஏத்தி அந்தக் கரியை எரிச்சுப்போடும். அதுக்குத்தான் அந்த லைட்டு. லைட்டு வந்தா இருவது நிமிசம் நிக்காம ரோட்டுல ஓட்டோணுங்க. நீங்க ரெண்டு கிலோமீட்டர், மூணு கிலோமீட்டர்னு தொட்டுத் தொட்டு ஓட்டறீங்க, எரியறப்ப அணைச்சும்போடறீங்க. அடைக்காம என்ன பண்ணும்?"

நஸ்ருதீன் மெதுவாகக் கேட்டார். "அப்ப, உள்ளே நெருப்புதானுங்களே?"

"நெருப்புத்தானுங்க. ஆனா உள்ளயே எரிஞ்சு அடங்கிக்கும். ஓடிட்டிருந்தா காத்துப்பட்டு வெளிச்சூடு தெரியாது. பாதியில நிறுத்துனாத்தான் அடியில கொதிக்கும். சருகு, வேஸ்ட்டு கெடக்கற எடத்துல மட்டும் நிறுத்தீராதீங்க."

அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஃபில்டரைச் சுத்தம் பண்ணும் மெஷினை எடுக்கத் திரும்பினாள். நஸ்ருதீனின் மனைவி காத்தூன் பீவி, கம்பெனியில் துணி வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டை வீட்டிலிருந்தே பிரிக்கிறவள். வெள்ளை தனி, கலர் தனி. அந்த வேஸ்ட் முழுக்க அந்தச் சுவரோரம்தான் குவிந்து கிடக்கும். வண்டி வந்தால் நிழலுக்கு ஆயிற்று என்று மகள் மெஹ்ஜபினும் சக்கரத்தை ஒட்டி உட்கார்ந்து பிரிப்பாள். நேற்று மத்தியானமும் வண்டி அங்கேதான் நின்றது. நேற்று விழுந்த சூடு இன்று எங்கே இருக்கும்?

போன் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டார், மறுபடியும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் லீவு, இரண்டு பேரும் சுவரோரம்தான் இருப்பார்கள்.

"அம்மணி, உங்க ஸ்கூட்டி சாவி குடுங்க. ஊட்டுல புள்ளை இருக்குது."

அவர் முகத்தைப் பார்த்த அபிராமி சாவியை எடுத்துக் கொடுத்தாள். நாலு கிலோமீட்டர். வழியில் டையிங் பாய்லர் புகையைக் கண்டுகூட ஆக்சிலேட்டரை முறுக்கினார். யா அல்லா, யா அல்லா என்று உதடு தானாக முணுமுணுத்தது. வாழ்நாளில் அப்படிப் பயந்ததில்லை. ஷட்டருக்கு அடியில் ஊர்ந்தபோதுகூட இல்லை. அங்கே அவர் ஒருத்தர்தான் இருந்தார்.

தெரு திரும்பியதும் இருவரும் தெரிந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

ஸ்கூட்டியை அப்படியே சாய்த்துவிட்டு, வண்டி நிற்கும் இடத்துக் குவியலை இரண்டு கையாலும் வாரி வாரி இறைத்தார்.

"என்னங்க இது, பிரிச்சு வெச்சதையெல்லாம் கலைச்சுட்டு?" என்றாள் காத்தூன் பீவி.

புகை இல்லை, சூடும் இல்லை. ஆனால் அடியில் ஒரு வெள்ளைத் துண்டு அகப்பட்டது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. எப்போது பற்றியது, எப்படி அணைந்தது என்று யாருக்கும் தெரியாது. பின்னாலிருக்கும் துணியையே பார்த்துக்கொண்டு நாற்பத்தொன்பது தடவை வாளியோடு நின்ற மனுஷன், ஒருமுறைகூடக் குனிந்து வண்டிக்கு அடியில் பார்க்கவில்லை.

"அயர்ன் பட்டதுங்க. கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வருது" என்றாள் காத்தூன் பீவி.

"இல்லே காத்தூன். நான் கொண்டுவந்து வெச்சது." நஸ்ருதீன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

காத்தூன் பீவி அந்தத் துண்டை வாங்கி மோந்து பார்த்தாள். பிறகு மகளைக் கையைப் பிடித்துச் சுவரோரத்திலிருந்து எழுப்பினாள்.