நீலப் புடவைக்கு ஓட்டு

இணையத்தில் வாரம் ஒரு பக்கமாக ஒரு படக்கதை வந்துகொண்டிருந்தது. அதன் ரசிகர்கள் கூடிப் பேசிய இணைய மன்றத்தை இன்று நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கல்கத்தாவில், அலிப்பூரில் ஆபீஸ் விட்டதும் பவானிபூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த சைபர் கஃபேயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

கதாநாயகி லிஃப்ட் ரிப்பேர் செய்பவள். சொல்லாமல் கொள்ளாமல் விட்டுப்போன காதலன் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். அவன் திருந்திவிட்டான், அவள்தான் இன்னும் வளரவில்லை என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். குடைப் படத்தை அடையாளமாக வைத்திருந்த ஒருவர் எழுதுவதில் எனக்குக் கிறுக்கு. பெண் மனசை இவ்வளவு புரிந்துகொண்ட ஆண் உண்டா என்று அசடு வழிந்தபடி பிரிண்ட் எடுத்து பஸ்ஸில் படிப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு இருபத்தொன்பது முடிந்திருந்தது. அதற்கு முன் மூன்று இடம் தட்டிப்போயிருந்ததால் அம்மா பயத்தோடுதான் கேசரி கிளறினாள். பையன் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அதிகம் பேசவில்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பக்கத்து ஃபிளாட் வங்காளிப் பெரியவரை மாஷிமா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவோம்; என் தலைக்கு ரஜனிகந்தா என்னும் நிலசம்பங்கி வாங்க விடியற்காலையிலேயே கரியாஹாட் சந்தைக்குப் போய் வந்தவர். வந்தவர்கள் நிச்சயம் பண்ணத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் நின்று வங்காளிகள் நல்ல காரியத்துக்கு இடும் குலவையை இட்டுவிட்டார். பையனின் அம்மா பதறி எழுந்தார்.

"ஐயோ, பக்கத்துல யாருக்கு என்ன ஆச்சு?"

அம்மா விளக்கியதும் எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை மன்றத்தைத் திறந்தால் குடைக்காரர் புதிதாக ஒன்று எழுதியிருந்தார். கல்கத்தாவில் பெண் பார்த்தாராம். நீலப் புடவை, வாடல் ரஜனிகந்தா, வாசலில் நரி மாதிரி ஊளையிட்ட ஒரு கிழவி. 'பெண், துணைக் கதாபாத்திர ரகம். முகம் சுமார், அரசாங்க வேலை, அடங்கிப் போகும். நாலு அத்தியாயம் வளர்த்தால் தேறும். என்ன செய்யலாம்?'

கீழே பத்தொன்பது பேர் என்னை அலசியிருந்தார்கள். முடியை வெட்டினால் எடுபடுவாள் என்றது ஒன்று. கிழவி நல்ல நகைச்சுவை, விட்டுவிடாதே என்றது இன்னொன்று. ஒருவர் வாக்கெடுப்பே வைத்திருந்தார். 'கட்டிக்கொள்' ஜெயித்துக்கொண்டிருந்தது. என்னைச் சொன்னதைவிட மாஷிமாவைச் சொன்னதுதான் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"ஃபோன் வந்துது. அவங்களுக்கு ஓகேயாம். சரின்னு சொல்லிடட்டுமா?"

"வேண்டாம்ப்பா. அவர் பேச்சு சரியில்ல."

"அவன் வாயே திறக்கலியேடி!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள்.

படக்கதை, மன்றம், குடை எதையும் அவளுக்கு விளக்க என்னால் முடியவில்லை. அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் மன்றத்தில் எழுதினேன். 'அந்த நீலப் புடவை நான்தான். அந்த அம்மாள் ஊளையிடவில்லை. உங்களை வாழ்த்தினார். எங்கள் வீட்டுப் பதில் இதற்குள் உங்களுக்கு வந்திருக்கும்.'

வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும். கைதட்டாத குறைதான். 'என்ன ஒரு திருப்பம்!' 'இப்போதுதான் இவளுக்கு உயிர் வந்திருக்கிறது.' 'இதுவல்லவா வளர்ச்சி!' 'கட்டிக்கொள்'ளுக்கு மேலும் எட்டு ஓட்டு விழுந்தது. குடைக்காரர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'இப்போது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.' த்தூ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கணக்கை மூடிவிட என் பக்கத்துக்குப் போனேன். நான் அதுவரை எழுதியவை, ஓட்டுப் போட்டவை எல்லாம் வரிசையாக இருந்தன. மூன்று மாதம் முன்பு லிஃப்ட்காரியைப் பற்றி ஒரு வாக்கெடுப்பு: விட்டுப்போனவனை அவள் ஏற்றுக்கொள்ளலாமா?

ஏற்றுக்கொள்ளட்டும் என்று நான் ஓட்டுப் போட்டிருந்தேன். அதன் கீழே நானே எழுதிய காரணமும் இருந்தது: 'முப்பதாகப் போகிறது. இனி அவளுக்கு வேறு யார் கிடைப்பார்கள்?'