அப்பாவுக்குப் பக்கத்து இருக்கை

ரொறன்ரோவில் கடைத் தட்டில் ஒட்டியிருக்கும் விலைக்கு ஒரு சவர்க்காரக் கட்டியைக்கூட வாங்க முடியாது. காசாளரிடம் போனபிறகுதான் வரி ஏறும். இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. விமானச் சீட்டு மட்டும் அப்படியில்லையாம். வரி, கட்டணம் எல்லாம் சேர்ந்த முழு விலையைத்தான் விளம்பரத்தில் போடவேண்டும் என்று அரசாங்கம் சட்டம் வைத்திருக்கிறது. "இஞ்ச எல்லாம் வெளிப்படை, மச்சான்" என்று என் நண்பன் யூட், தானே அந்தச் சட்டத்தை எழுதியவன் மாதிரிப் பெருமைப்படுவான். வெளிப்படைதான். முழு விலையைக் காட்டிவிட்டு, அடுத்த பக்கத்தில் பெட்டிக்கு வேறு, கால் நீட்ட வேறு, பெற்ற தகப்பனுக்குப் பக்கத்தில் இருக்க வேறு என்று கேட்பார்கள். ஒளிக்காமல் கேட்கிறார்களே, அதற்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் தாழ்வுபாடு. அங்கே ஓட்டோக்காரர் விலையே சொல்லமாட்டார். மன்னார் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு, "பாத்துத் தாங்கோ அண்ணை" என்பார். வெளிநாட்டுக்காரன் எவ்வளவு கொடுத்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதுவும் கொள்ளைதான், நான் அவருக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அப்பாவை ஒரு ஓட்டோவிலும் என்னை இன்னொன்றிலும் ஏற்றிவிட்டு, "சேந்து போறதெண்டால் வேற காசு" என்று கேட்கிற துணிவு அவருக்கு வராது.

அம்மா போனபிறகு அப்பாவைக் கொஞ்சக்காலம் என்னோடு வைத்திருக்க ஆசைப்பட்டுக் கூட்டிவரப் போனேன். கடலிலேயே காலம் போனவர், பிளேனில் ஏறியதில்லை, சீனி வருத்தம் வேறு, குளிசையும் சாப்பாடும் நேரம் தவறக்கூடாது. ஆகவே பக்கத்து இருக்கைக்குக் காசு கட்டினேன். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றினார்கள். அப்பா முன்னுக்கு, நான் வால் பக்கம். சிறுபிள்ளைகளைப் பெற்றோருக்கு அருகில் இருத்தச் சட்டம் உண்டு, வயதானவர்களுக்கு இல்லை என்று பணிப்பெண் சிரித்த முகத்தோடு விளக்கினாள். கட்டிய காசு திரும்பி வருமாம். அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தவரும் எழும்ப மறுத்தார். அவரும் காசு கட்டித்தானே இருக்கிறார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் வேற்று மனிதர் சாப்பாடு நீட்டினால் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வது. கேட்டவுடன் கையை நீட்டுகிறவனைக் காணாததைக் கண்டவன் என்பார்கள். மறுபடி மறுபடி வற்புறுத்தினால்தான் தட்டை வாங்கலாம். சாப்பாட்டு வண்டி வந்ததும் அப்பா, "நோ, நோ, தாங்க்யூ" என்று சொல்லிவிட்டு, அவள் மறுபடி கேட்பாள் என்று காத்திருந்திருக்கிறார். சாப்பாடு வருமென்று சீனிக் குளிசையை முதலே போட்டாயிற்று. வண்டி நடைபாதையை அடைத்து நின்றதில் நான் அவரிடம் போய்ச்சேரச் சுணங்கிவிட்டது. சட்டை முழுக்க வியர்வை, கை நடுங்குகிறது. என்னைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இனிப்பாக ஏதாவது கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

தோடம்பழச்சாறோடு ஓடிவந்த பணிப்பெண், "அவர் வேண்டாம் என்றாரே" என்றாள் ஆங்கிலத்தில்.

"எத்தனை தரம் கேட்டீர்கள்?" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

சாறு உள்ளே போனபின் அப்பா மெல்லத் தெளிந்தார். "அந்தப் பிள்ளை ஒருக்காத்தான் கேட்டவள், மகன்" என்றார் மனவருத்தத்தோடு.

இருக்கைக் காசு விளக்கக் கடிதத்தோடு திரும்பி வந்தது. "பாத்தியா, சட்டமெண்டால் சட்டம்" என்றான் யூட். கொஞ்ச நாள் அவனோடு கதைக்கவில்லை. அப்பா விசா முடியும்வரை நிற்கவில்லை. "திரும்பிப் போறதோட சரி. இனி உந்தப் பிளேன் எனக்கு வேண்டாம், நீ வந்து பார்" என்றார். நானே கொண்டுபோய் விட்டுவந்தேன்.

இந்த முறை நான் ஊருக்குப் போனபோது அப்பா கணவாய்க் கறி ஆக்கிவைத்திருந்தார். "சோறு போடட்டோ?" என்று கேட்டார். பிறந்த வீட்டில், பெற்ற தகப்பனிடம், விருந்தாளிபோல என் வாய் தன்பாட்டில் "வேண்டாமப்பா" என்றது.

"சரி மகன்" என்று சட்டியை மூடிவிட்டு அவர் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். பசி வயிற்றைக் கிள்ள, இன்னொரு தரம் கேட்பார் என்று நான் கதிரையிலேயே இருந்தேன்.