அப்பா பெயர் எழுதிய தாள்

சர்க்கார் என்பது எங்களுக்கு நெருங்கிய சொந்தம் என்று நாலு மாதம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால், மூங்கில் தட்டியில் மண் பூசிக் கட்டிய குடிசையில் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா நேட்டாலில் இருந்தார். அது எங்கே இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. கப்பலில் போக வேண்டும், அங்கே கரும்பு விளைகிறது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது.

அப்பாவும் முதலில் சுரங்கத்தில் இறங்கியவர்தான். "பூமிக்குள்ள எறங்கி எறங்கி அலுத்துப்போச்சு. இனிமே சூரியனப் பாத்துக்கினு வேல செய்யணும்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாராம். அப்போது எனக்கு இரண்டு வயது. ஐந்து வருஷ ஒப்பந்தம். முதல் வருஷம் ஒரு கடிதம் வந்தது. யாரோ எழுதிக் கொடுத்த கடிதம். கரும்பு தன் தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது என்றும், பாப்பா இப்போது ஓடுகிறாளா என்று எழுதச் சொல்லியும் அதில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஐந்து வருஷம் முடிந்து, அதற்கு மேலும் ஒரு வருஷம் போய்விட்டது. இரண்டு வயதில் பார்த்த முகம் நினைவிருக்க நியாயமில்லை. ஆனால் நன்றாக நினைவிருக்கிறது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்குக் கேட்டபடி மீசையெல்லாம் வைத்துச் சொல்வேன்.

அந்த வருஷம் கல் குவியலில் ஏறி விளையாடும்போது சறுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். அம்மா பச்சிலை வைத்துக் கட்டினாள். புண் ஆறாமல் உள்ளே போயிற்று. கால் வீங்கிப் பூசணிக்காய் மாதிரி ஆனது. பார்த்த வைத்தியர், எலும்பைத் தொட்டுவிட்டது, டாக்டர் அறுத்துச் சுத்தம் செய்து மாதக்கணக்கில் படுக்கவைத்து மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சுரங்கத்து ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆனால் அது பதிவில் நம்பர் உள்ளவர்களுக்கும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளுக்கும் மட்டும். அப்பாவின் நம்பரை அவர் போனவுடனே அழித்துவிட்டார்கள். அம்மா கூலிக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். கூலிக்காரிக்கு ஏது நம்பர்?

அப்போதுதான் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன். நந்திதுர்க் சுரங்கத்தில் ஷிப்ட் பார்ப்பவர். பேச்சைக் கேட்டால் மகாராஜா தினமும் காலையில் இவரைக் கேட்டுக்கொண்டுதான் பல் விளக்குவார் என்று தோன்றும். தாலுகா ஊரில் ஒரு தர்மாஸ்பத்திரி இருப்பதைச் சொன்னார். "இங்க நாம தோண்டற தங்கத்துல மகாராஜாவுக்கு ஒரு பங்கு போவுது. அந்தப் பங்குலதான் அது நடக்குது. கட்டிலு, மருந்து, பாலு, சோறு எல்லாம் சர்க்காரோடது" என்றார். அப்பா தோண்டியதிலும் ஒரு துளி அங்கே போயிருக்கும் என்று கணக்குப் போட்டு, அந்த ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பாத்தியதை உண்டு என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. வாசலில் மருந்து யாருக்கும் ஊற்றுவார்கள். கட்டிலும் சோறும் காப்பாற்ற ஆள் இல்லாதவர்களுக்குத்தான். ஊர்க் கணக்கு எழுதும் ஷானுபோகர் அப்படி ஒரு தாள் எழுதித் தர வேண்டும். புருஷன் கடல் கடந்து சம்பாதிக்கிறான் என்றால் தாள் கிடைக்காது. புருஷன் செத்துப்போனவள் என்றால் கிடைக்கும்.

நான் பாயில் படுத்திருந்தேன். அம்மா தட்டிக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பெரியப்பாவிடம் பேசினாள்.

"என் வாயால நானே சொன்னா அது பலிச்சிடாதா மாமா?"

"தாள்லதானேம்மா எழுதப்போறாங்க. கல்லுலயா வெட்டப்போறாங்க?"

"அவுரு உசுரோட கீறாரு. எனக்குத் தெரியும்."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "அவன் எனக்குத் தம்பிம்மா. நான் மட்டும் இன்னா சந்தோஷமாவா சொல்றேன்? கொழந்த கால பாரு" என்றார். எல்லாம் காதில் விழுந்தது. எதுவும் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் காலை பெரியப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். அம்மா பின்னால் வந்தாள். அவள் நெற்றியில் பொட்டு இல்லை. அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஷானுபோகர் வயதானவர். பாதிக் கன்னடம் கலந்த தமிழ் பேசினார். தாளை விரித்து, பேனாவை மையில் தொட்டு, "எஜமானர் பேர் ஹேளம்மா" என்று அப்பாவின் பெயரைக் கேட்டார். அம்மா தலை குனிந்து நின்றாள். எங்களில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வது வழக்கமில்லை. ஷானுபோகர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தெருவில் போகிற மாட்டு வண்டியை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, நீ சொல்லு மகு" என்று என்னைக் கேட்டார். கன்னடத்தில் மகு என்றால் குழந்தை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்க்கார் என் அப்பாவின் பெயரைக் கேட்கிறது! எதற்குக் கேட்கும்? தேடிக் கூட்டிவரத்தான். கணீரென்று சொன்னேன். அவர் எழுதினார். தப்பாக எழுதிவிட்டால் நேட்டாலில் வேறு யாரையாவது கப்பலேற்றி அனுப்பிவிடப் போகிறார்களே என்ற கவலையில் இன்னொரு தரமும் சொன்னேன். என் தாத்தா பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். ஷானுபோகர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் கழுத்தோரம் மஞ்சள் கயிறு தெரிந்தது.

"முந்தானைய நல்லாப் போத்திக்கோம்மா. காத்து அடிக்குது" என்றார்.

காற்று கொஞ்சம்கூட இல்லை. அம்மா போர்த்திக்கொண்டு, எழுதிய இடத்துக்குக் கீழே கைநாட்டு வைத்தாள். மை இழுபட்டுவிட்டது. அவர் இன்னொரு தரம் வைக்கச் சொல்லவில்லை.

தர்மாஸ்பத்திரியில் எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. டாக்டர் இரண்டு முறை காலை அறுத்தார். நான் போட்ட கூச்சலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் வாசலும், வாசலுக்கு வெளியே ஒரு புளியமரமும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா நடந்தே வருவாள். மரத்தடியில் நின்று, முந்தானை நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வருவாள். திரும்பும்போது அதே இடத்தில் நின்று, இடுப்பு முடிச்சிலிருந்து குங்குமம் எடுத்து வைத்துக்கொள்வாள்.

"இன்னாம்மா, பொட்டே இல்ல?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"வேர்வையில கலஞ்சிபோச்சி" என்றாள்.

"அப்பா எப்ப வருவாரு? பேரெல்லாம் எழுதிக்கினு போனாங்களே?"

அம்மா என் தலையை வாரிவிட்டாள். வாரிய தலையையே மறுபடி வாரினாள். "நீ மொதல்ல நட" என்றாள். அப்பா வருவதற்கும் நான் நடப்பதற்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்து, அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதற்கு மேலேயே காலை மடக்கி நீட்டினேன்.

வார்டைப் பார்த்துக்கொண்ட ஆயாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். எங்கள் அப்பாவைக் கூட்டிவர மகாராஜா ஆள் அனுப்பியிருக்கிறார் என்று. அவள் கையில் இருந்த பால் குவளையை அப்படியே வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இத்த வேற யார்கிட்டயும் சொல்லாத கண்ணு. சொன்னா கப்பலு தாமசமாயிடும்" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய ரகசியத்தை அவ்வளவு நாள் வைத்திருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான்.

அப்பா வரவில்லை. கடிதமும் வரவில்லை. இருந்தாரா இல்லையா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அம்மா கடைசி நாள் வரை குங்குமம் வைத்துக்கொண்டாள். வயதான காலத்தில் ஒரு முறை மட்டும், "அந்த மரத்தடியில நானே தொடச்சிப்புட்டேண்டி" என்றாள். தாளில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பெரியப்பா என் கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் சொன்னார். அன்றிலிருந்து அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொல்வதில்லை. இங்கேயும் எழுதவில்லை. ஒரு தரம் எழுதச் சொன்னதே போதும்.

என்னை வீட்டுக்கு அனுப்பிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. நடந்து பழகக் கொடுத்திருந்த ஊன்றுகோலை ஆயாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் காலாலேயே வாசலைத் தாண்டினேன். புளியமரத்தடியில் அம்மா நின்று முடிச்சை அவிழ்த்தாள். எடுத்த குங்குமத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கை நெற்றிக்குப் போகவில்லை. இனிமேல் வைத்துக்கொள்ளத் தனக்கு உரிமை இருக்கிறதா என்று அவள் யோசித்திருக்க வேண்டும். எனக்கோ வீட்டுக்குப் போகிற அவசரம்.

"நான் வெக்கிறேன்மா, குனி" என்றேன்.

குனிந்தாள். விரல் நிறையத் தொட்டு, கால் ரூபாய் அகலத்துக்கு வைத்துவிட்டேன். "பெரிசா வெச்சிருக்கேன். அப்பா கப்பல்ல வரும்போதே தெரியும்" என்றேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். என் காலை நினைத்துத்தான் அழுகிறாள், இன்னும் சரியாகவில்லையோ என்று பயப்படுகிறாள் என்று எனக்குத் தோன்றியது.

"அழுவாதம்மா, இத பாரு" என்று சொல்லி, அவள் பார்க்கும்படி ரோட்டில் ஓடிக் காட்டினேன்.