பழரசம் அல்ல, வைன்: கூனவாராவின் செம்மண்

ஒஸ்லோவில் எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டுமலரின் ஆசிரியர் எனக்குச் செய்த அநியாயம் இது: என் அவுஸ்திரேலியப் பயணக் கட்டுரையில் "வைன்" என்று வந்த இடமெல்லாம் "பழரசம்" என்று மாற்றி அச்சடித்துவிட்டார். என்னிடம் ஒரு சொல் கேட்கவில்லை. இப்போது பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் ஒரு குடும்பம், பிள்ளைகளுக்கு நல்ல பழரசம் பருக்கக் வைனுக்குப் பெயர்போன கூனவாராவுக்குப் போகத் திட்டம் போடுகிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி இங்கே எழுதுகிறேன்.

நூலகத்தில் நோர்வேஜிய மொழியில் ஒரு மண்ணியல் புத்தகம் வாசித்தேன். கூனவாராவில் சுண்ணாம்புக்கல்லின் மேல் செம்மண் கிடக்கும் படம் ஒன்று இருந்தது. யாழ்ப்பாணத்திலும் அதே அடுக்குத்தான். அங்கும் திராட்சை விளைகிறது. பார்க்காமல் விடுவதில்லை என்று 2007 மார்ச்சில் ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டேன். கூனவாராவில் அது திராட்சை அறுவடைக் காலம்.

அடிலெய்டில் இருக்கும் என் மச்சான் குலம் கார் ஓட்டினார். தென்கிழக்கே ஏறக்குறைய 370 கிலோமீற்றர். சாப்பிட நின்றதோடு ஐந்து மணித்தியாலம். வழியெல்லாம் காய்ந்த புல். பிறகு தெருவோரம் சிவந்தது.

"என்ன மச்சான், உரும்பிராய்க்கே வந்திட்டமோ?" யாழ்ப்பாணத்துச் செம்மண் ஊரை நினைத்துக் குலம் கேட்டார்.

"கதையாமல் காரை நிப்பாட்டும்."

இறங்கி ஒரு பிடி மண் அள்ளினேன். தோட்டத்தில் நின்ற பெண் சிரித்துக்கொண்டே வந்து ஒரு வெட்டுக்குழியைக் காட்டினாள். மேலே முழங்கால் அளவுகூட இல்லாத செம்மண், கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதன் அடியில் நல்ல நீர். மண் தண்ணீரைத் தேங்கவிடாது. வேர் கல்வெடிப்பில் ஈரம் தேடிக்கொள்ளும். இரண்டு கிலோமீற்றர்கூட அகலமில்லாத நீண்ட பட்டை நிலம் அது. பக்கத்துக் கரிமண்ணில் அதே கொடி வைத்தாலும் அந்த ருசி வராதாம். தென்கடல் காற்று கோடையைத் தணிப்பதால் பழம் ஆறுதலாகக் கனிகிறது. வசந்தத்தில் உறைபனி மொட்டைக் கருக்குவதுதான் அவர்களுடைய பயம்.

1890களில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இங்கே கொடி நட்டார். பிறகு விலை விழுந்து பலர் பிடுங்கி எறிந்தார்கள். 1950களுக்குப் பிறகே நிமிர்ந்தது. எந்தக் காணி கூனவாரா என்ற பெயருக்குள் வரும் என்று அண்மையில் ஆண்டுக்கணக்காக வழக்காடியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்காக அப்படி நின்றவர்களை எனக்குப் பிடித்துவிட்டது.

அந்தத் தோட்டத்துச் சிவப்பு வைன் இரண்டு வாய் குடித்தேன். நாவற்பழத் துவர்ப்பு, பின்னால் புதினா வாசம். கார் ஓட்டவேண்டிய குலத்துக்கு மணம் மட்டும். மனம் நிறைந்து திரும்பினேன். அந்த நிறைவு மலர் கைக்கு வரும்வரைதான்.

ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"ஐயா, பிள்ளையளும் வாசிக்கிற மலர். அதுதான்..."

"தம்பி, உம்மட வீட்டில டிவிக்குப் பக்கத்தில நிக்கிற மூண்டு போத்திலும் என்ன, நெல்லிரசமோ?"

"அது வெள்ளையள் வந்தால் குடுக்க, ஐயா."

"அப்ப என்ரை கட்டுரையையும் வெள்ளையளுக்கு எண்டு நினைச்சு விட்டிருக்கலாமே?"

இனி நடக்கவேண்டியதைச் சொல்கிறேன். லோறென்ஸ்கூக் குடும்பம் போகட்டும், ஆனால் மார்ச்சில். பிள்ளைகளுக்கு வெட்டுக்குழியைக் காட்டட்டும். கார் ஓட்டுபவர் குடிக்கக்கூடாது. திரும்பும்போது, மண்ணோடு கொடிப்பூச்சி ஒட்டிவராமல், சப்பாத்தைக் கழுவவேண்டும். சங்கத் தலைவர் அடுத்த மலரின் முதற்பக்கத்தில் திருத்தம் போடவேண்டும், "வைன்" என்ற சொல்லோடு. ஆசிரியர் ஒஸ்லோவின் ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் என் வீட்டுக்கு வரவேண்டும். கூனவாராவிலிருந்து கொண்டுவந்த போத்தல் அவருக்காகத் திறக்காமல் நிற்கிறது. குடித்துப் பார்த்துவிட்டு, அது பழரசந்தானா என்று அவரே எழுதட்டும்.