படியில்லாத வீடு

பேஸ்மேக்கர் வைத்த பிறகும் உங்கள் அம்மாவுக்குத் தேயிலை மேடு ஏறினால் மூச்சு வாங்கியது. உங்கள் தம்பி கடைக்குட்டியை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குத் தானே மேடேறிக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவள் ஆசை. நெஞ்சுக்குள் இருக்கும் அந்தக் கருவியின் துடிப்பு வேகத்தை வெளியிலிருந்தே மாற்றலாம் என்று சொல்லியிருந்தார்கள். பள்ளி திறக்குமுன் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

“படி ஏறினா மூச்சு வாங்குதாம்மா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்லிங்க டாக்டர்.”

“அப்ப இப்படியே இருக்கட்டும்.”

குறுக்கே பேசத் தயங்கி நானும் சும்மா இருந்துவிட்டேன். வீடு திரும்பும் ரிங்லெட் பஸ்ஸில்தான் கேட்டேன். “ஏன் புள்ள இல்லைன்னு சொன்ன?”

“நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல ஏதுங்க படி? அவரு மேட்டப் பத்திக் கேக்கலையே லா. நீங்களாவது வாயத் தொறந்திருக்கலாம்ல?”

இருவரும் சிரித்தோம்.

பள்ளி திறந்த அன்று அவள் வீட்டு வாசலிலேயே நின்று கையாட்டினாள். நான்தான் கூட்டிப்போனேன்.

அடுத்த தடவை மேட்டைப் பற்றிச் சொன்னோம். டாக்டர் வேகத்தைக் கூட்டி வைத்தார். அம்மா பள்ளிக்கூடம் வரைக்கும் நிற்காமல் ஏறினாள். ஆனால் அதற்குள் கடைக்குட்டி கூட்டாளிகளோடு ஓடிப்போகப் பழகியிருந்தான். அவள் நீட்டிய கையை அவன் பிடிக்கவில்லை.